மூன்றாம் பக்கத்து மனிதர்கள்

பிரெய்லா நகரத்து நாளிதழில்
எனக்குக் கொடுத்த வேலை
மக்களை எழுதுவது.

தலையங்கம் தோழர் கிரிசான்தியுடையது.
‘நாம்’ என்ற ஒரு சொல் போதும் அவருக்கு,
நகரத்தையே அதற்குள் உட்காரவைத்துக்
கதவைச் சாத்திவிடுவார்.
வெளியே நின்றுபோனவன்
தானாகவே ‘அவர்கள்’ ஆகிவிடுவான்.
பிறகு அவனைக் கரையான் என்றோ
கோதுமையின் துருநோய் என்றோ சொல்லிக்கொள்ளலாம்.
மருந்தடிப்பவனை
யாரும் கொலைகாரன் என்பதில்லை.

எனக்கு அவ்வளவு பெரிய சொற்கள் கிடையாது.
மூன்றாம் பக்கம், இடது ஓரம்,
‘உழைப்பவர்கள் எழுதுகிறார்கள்’.
திங்களுக்கு ஒரு கொல்லன்,
புதனுக்கு ஓய்வுபெற்ற ரயில் சிக்னல்காரர்,
சனிக்கிழமை எப்போதும் பெண்.

ஒரு பொய் நிற்க
உண்மையான குறை ஒன்று வேண்டும்.
சிக்னல்காரருக்கு முழங்கால் வலி கொடுத்தேன்.
கொல்லனின் கடிதத்தில்
இரண்டு எழுத்துப்பிழை விட்டேன்,
‘திருத்த வேண்டாம்’ என்று
ஓரத்தில் சிவப்பு மையில் குறித்து.
நூறு என்று எழுதினால் சிரிப்பார்கள்.
நூற்றுப் பதினேழு என்றால்
எண்ணியவன் யார் என்று கேட்கமாட்டார்கள்.

அந்த வருடம் ரொட்டி பாதியானது.
‘ரொட்டி வழங்கல் சீரமைக்கப்பட்டது’ என்று எழுதினோம்.
சீரமைத்தது யார்?
அந்தப் ‘பட்டது’வுக்குள்
ஓர் அமைச்சகமே கால்நீட்டிப் படுத்திருந்தது.
நானும் காலை நாலரைக்குச்
சீரமைப்பின் வரிசையில்தான் நின்றேன்.

வெட்டூரியாவை ஒரு மார்ச் மாதம் செய்தேன்.
பால் கறப்பவள். ஊர், வாலியா சேக்கா.
வரைபடத்தில் கண்ணை மூடி விரல் வைத்த இடம்.
வறண்ட பள்ளத்தாக்கு என்று பொருள்,
அப்போது அதை யோசிக்கவில்லை.
கூட்டுப்பண்ணையில் சேர முதலில் பயந்தாள்;
அழுதாள்கூட.
இப்போது அவள் பொறுப்பில் நாற்பத்து மூன்று பசுக்கள்.
‘போன மாதம் மகனுக்குக் காலணி வாங்கினேன்’ என்று முடித்தேன்.
என் மகனின் காலணிக்குள் அட்டை வைத்திருந்த மாதம் அது.

‘வெட்டூரியாவே சொல்லிவிட்டார்’ என்றது தலையங்கம்.
வானொலி மூன்று முறை வாசித்தது.
முதல் முறை கூசியது.
மூன்றாம் முறை
‘இவள் குரல் கொஞ்சம் மாறியிருக்கிறதே’ என்று நினைத்தேன்.

மே மாதம் ஒரு கடிதம் வந்தது,
சிமெண்ட் பையில் கிழித்த தாள், பென்சில்.

‘தோழர்களே,
என் பெயர் வெட்டூரியா.
இந்த ஊரில் அந்தப் பெயருக்கு நான் ஒருத்திதான்.
நான் எழுதியதைத் தபால்காரர் எனக்குப் படித்துக் காட்டினார்.
எனக்கு எழுதத் தெரியாது,
இதையும் அவர்தான் எழுதுகிறார்.
பசுக்களைப் பார்க்கப் பக்கத்து ஊரிலிருந்து வருகிறார்கள்.
ஒருத்தி பால் கடன் கேட்டுவிட்டுக் கோபமாகப் போனாள்.
கணவரின் தம்பி என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்.
இருந்த ஒரு பசுவையும்
பண்ணைக்கு ஓட்டிப்போய் ஆறு மாதம் ஆகிறது.
எனக்கு மகன் இல்லை.
காலணி அங்கே வந்திருந்தால் அனுப்புங்கள்,
விற்றுக்கொள்கிறேன்.’

கிரிசான்தி இரண்டு முறை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘நன்றாக இருக்கிறது’ என்றார்,
‘ஆனால் நம்பும்படியாக இல்லை.’

அந்தச் சனிக்கிழமை
வெட்டூரியா மறுபடியும் எழுதவேண்டியிருந்தது.
நாற்பத்திரண்டு பசுக்கள் என்று போட்டேன்.
என்னால் திருப்பி ஓட்டிவிட முடிந்தது
அந்த ஒன்றைத்தான்.

மெய்ப்புப் பார்ப்பவர் பொறுப்பான மனிதர்.
மார்ச் மாத இதழைத் தேடி எடுத்து
ஒப்பிட்டுப் பார்த்து,
பிழையைத் திருத்திவிட்டார்.