நைட் ஹால்ட்

கடைசி ட்ரிப் ஏற்காடு ஏறி முடிக்க
ஒன்பதே கால் ஆகும்.
இன்ஜின் ஆறும் வரை டிக் டிக்கென்று இரும்பு சுருங்கும்.
அமீர்ஜான் வேபில்லை மூடிவிட்டு
பையின் அடியிலிருந்து எடுப்பான்,
ஐந்து ரோட்டில் செகண்ட் ஹேண்டில் வாங்கிய
கைக்கடக்கமான கேம் பெட்டியை.
இடது ஸ்டிக் தானாக ஒரு பக்கம் இழுக்கும்,
என் ஸ்டியரிங் மாதிரியே.

சண்டை அவனுக்கு, நடை எனக்கு.
அதுதான் பேச்சு.

ஒருத்தி, அண்ணனைக் கொன்றவனைத் தேடி
பனிமலை ஏறுகிறாள்.
நான் அவளைக் குதிரையில் வைத்து
பாலம் கடத்தி, ஆளில்லாத ஊர்களில் அலமாரி திறந்து
யாரோ எழுதி அனுப்பாத கடிதங்களைப் படித்து
மெதுவாகக் கொண்டுபோவேன்.
எதிரி தலை தெரிந்ததும் பெட்டி கை மாறும்.
அமீர் உதட்டைக் கடித்து
உருண்டு, தடுத்து, பின்பக்கம் போய்க் குத்தி
நாலு பேரைச் சாய்த்துவிட்டு
"பிடிங்கண்ணே, ரோடு கிளியர்" என்பான்.

ஒரு மாதத்தில் எனக்கும் நெளிவு பிடிபட்டது.
தரையில் மருந்தும் அம்பும் தாராளமாகக் கிடந்தால்
அடுத்த கதவுக்குப் பின்னால் அடி இருக்கிறது.
இசை நின்றுபோனால்
பெரிய அடி.

நடுவில் ஒரு கோட்டை வந்தது.
பதினோரு சண்டை, ஒன்றின் வாலில் ஒன்று.
மூன்று இரவு பெட்டி என் கைக்கே வரவில்லை.
அமீருக்கே சலித்துவிட்டது.
"இதைச் செஞ்சவன் மலை ரோடு ஓட்டினதில்லடா" என்றேன்.

நமக்கு இருபது கொண்டை ஊசி.
ஒன்றுக்கும் அடுத்ததுக்கும் நடுவே
மூன்றாம் கியர் போட்டு
ஒரு கொட்டாவி விட இடம் இருக்கிறது, அதனால்தான்
அடுத்த வளைவில் கை விழித்திருக்கிறது.
அந்தத் துண்டு ரோட்டில்தான்
பின்சீட்டுக் குழந்தை வாந்தி எடுக்கும்.
ஜன்னலோரம் ஒருத்தி கீழே சேலத்து வெளிச்சத்தில்
ஏதோ ஒரு புள்ளியைக் காட்டி
"அதான் நம்ம வீடு" என்று பக்கத்தில் இருப்பவனிடம் பொய் சொல்வாள்.
கதை அங்கேதான் நடக்கிறது,
வளைவில் இல்லை.

மார்கழியில் கடைசிக் கதவுக்கு வந்தோம்.
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்;
டிக்கெட் போட்ட களைப்பில் அமீர்
மூவர் சீட்டில் கால் மடக்கித் தூங்கிவிட்டான்.
வெளியே பனி, ஏரி இருந்த இடத்தில் ஏரி இல்லை.
சும்மா பார்ப்போமே என்று கதவைத் தள்ளினேன்.

நின்றுகொண்டிருந்தான்.
ஒற்றைக் கண், நீளக் கத்தி.
தலைக்கு மேல் சிவப்புப் பட்டையாக அவன் உயிர் முழுசாக.
எனக்குச் சண்டை தெரியாது, எதையும் அழுத்தவில்லை.
நான் ஓரடி வைத்தால்தான் தொடங்குவான் போல,
அவனும் வரவில்லை.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.
கால் மாற்றி நின்றான்.
கத்தியைத் தொடையில் துடைத்தான்.
பிறகு இருமினான்.

குத்தாமல் நிற்கப்போகிற எவனோ ஒருத்தனுக்காக
யாரோ உட்கார்ந்து
இவனுக்கு ஒரு இருமல் செய்து வைத்திருக்கிறார்கள்.
அவன் வாயில் ஆவி. அவள் வாயில் ஆவி.
கண்ணாடியில் பார்த்தால் என் வாயிலும்.

பேட்டரி நாலு சதவீதம்.
அமீரை எழுப்பக் கை போனது,
பாதியில் திரும்பிப் போர்வையை இழுத்துவிட்டது.
திரை அணைந்தது.

காலையில் டீக்கடையில் சார்ஜ் போட்டுக்கொண்டே கேட்டான்:
"முடிச்சிட்டீங்களாண்ணே? என்னாச்சு?"
"நின்னுக்கிட்டிருந்தோம்."
"அதெல்லாம் ஒரு முடிவா?"

ஐந்தே முக்கால், முதல் ட்ரிப், பன்னிரண்டு டிக்கெட்.
இறங்கும்போது பலகையில் எண் குறைந்துகொண்டே வரும்.
பதினேழு. பதினாறு.
ஹாரன். பிரேக்கை நம்பாமல் கியரில் பிடி.
ஏறி வருகிறவனுக்கு வழி விடு.
ஒன்றுக்குப் பிறகு பலகை கிடையாது, சேலம்தான்.

எட்டாவது தாண்டியதும் பின்னால் கத்திச் சத்தம்.
"வண்டி ஓடும்போது வேண்டாம்டா."
வால்யூமைக் குறைத்தான்.

மூன்றாவதில் யாரோ இருமினார்கள்.
பயணியா, அவனா,
கண்ணாடியை நான் பார்க்கவில்லை.
இரண்டு கையும் ஸ்டியரிங்கில்.
இன்னும் இரண்டு இருக்கிறது.