இரண்டு தட்டு

காலை ஐந்தே முக்கால்.
புதுவயல் ஆலைகளிலிருந்து
காற்றோடு வருகிறது புழுங்கல் நெல் வாசம்.
பள்ளத்தூர் ஊரணிக்குப் போகும் வரத்துக்காலில்
பொக்லைன் நிற்கிறது, கையை மடக்கி.

பக்கெட்டைக் கழற்றி வைத்து நாலு நாள்.
இரண்டடிக்குக் கீழே எல்லாம் செம்பூராங்கல்,
பக்கெட்டின் பல்லைப் பார்த்து அது சிரிக்கும்.
பிரேக்கர்தான் பேச வேண்டும்.
பேசத் தொடங்கினால் எதிரே பூட்டிய வீட்டிலிருந்து
வாட்ச்மேன் ஓடி வருவான்,
சன்னல் கண்ணாடி அதிருதுன்னு.

கிரீஸ் அடிப்பது இரண்டு ஆள் வேலை.
ஒருவன் மேலே, லீவரில்.
ஒருவன் கீழே, கன்னோடு.
மேலே இருப்பவன் முதலில்
உளியைப் பாறைமேல் நட்டுக்குத்தலாய் ஊன்றி
செயினின் முன்பக்கம் ஒரு விரற்கடை எழும்பும்வரை
வண்டியின் பாரத்தை அதன் தலையில் சாய்க்க வேண்டும்.
அப்போதுதான் உளி மேலேறிப்
பிஸ்டனோடு முட்டி நிற்கும்.
உளிக்கும் புஷ்ஷுக்கும் நடுவே
தலைமயிர் அளவு சந்து.
கிரீஸ் போக வேண்டிய வீடு அது.

தொங்கவிட்டு அடித்தால்
உளியின் தலைக்கு மேலே போய் உட்கார்ந்துகொள்ளும்.
முதல் அடியில் பிஸ்டன் அதன்மேல் இறங்கும்.
கிரீஸுக்கு ஒதுங்கத் தெரியாது.
சீல் கிழியும்.

இதெல்லாம் எனக்குத் தெரியும்.
பதினாலு வருஷமாகத் தெரியும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை
கேபினில் போனில் இருந்தேன்.
மச்சினன் எடுத்த ஆட்டோவுக்கு
மூன்று தவணை பாக்கி, நான் ஜாமீன்.
"அண்ணே, இறக்குங்க" என்றான் அடைக்கலம்.
கேட்டது.
"இறக்கினதுதான்டா, அடி."

உளி ஒரு சாண் உயரத்தில் தொங்கியது.
அவன் அதைப் பார்த்தான்.
என்னைப் பார்த்தான்.
வேலைக்கு வந்து ஏழு வாரம்.
பதினைந்து பம்பு அடித்தான்.
பூமில் உள்ளங்கையால் இரண்டு தட்டு:
முடிந்தது என்று அர்த்தம்.

காரைக்குடியிலிருந்து மெக்கானிக் இன்னாசி வந்தார்.
கிழிந்த சீலை வெயிலில் தூக்கிப் பார்த்தார்.
சோறு பதம் பார்ப்பதுபோல
கிரீஸை விரலில் நசுக்கினார்.
"தொங்கவிட்டு அடிச்சிருக்கு. யாரு அடிச்சது?"

வண்டி முதலாளி சாத்தப்பன்
எங்கள் இருவரையும் பார்த்தார்.
கன் அடைக்கலம் கையில் இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது.
யாரும் பொய் சொல்லவில்லை.
யார் இறக்காதது என்று கேட்க
எவ்வளவு நேரமாகியிருக்கும்?
இன்னாசி சீலைப் பையில் போட்டுக்கொண்டு
டீ குடிக்கப் போனார்.

நாலாயிரம் பிடித்தம், மாசத்துக்கு ஆயிரமாய்.
லாக் புத்தகத்தில் அந்தத் தேதிக்கு நேராக
'கிரீஸ் அடித்தாயிற்று, சரிபார்த்தேன்' என்று
என் கையெழுத்து.

போய்விடுவான் என்று நினைத்தேன்.
போனால் தேவலை என்றும் நினைத்தேன்.
மறுநாள் ஐந்தே முக்காலுக்கு நின்றான்,
நிப்பிளைத் துணியால் துடைத்தபடி.
துடைக்காமல் அடித்தால் புழுதியும் கூடப் போய்
உள்ளேயிருந்து அரத்தைப்போல் ராவும்.

முதல் பிடித்தம் வந்த சனிக்கிழமை
கிரீஸ் டின் மூடிக்கடியில்
இரண்டு ஐநூறு வைத்தேன்.
திங்கட்கிழமை அவை என் சீட்டில் இருந்தன.
ஒன்றில் பெருவிரல் ரேகை,
கறுப்பாய், முழுசாய்,
பத்திரப்பதிவு ஆபீஸில் வைப்பதுபோல.
செலவழிக்க முடியவில்லை.
ஆட்டோ தவணைக்குக்கூட.

இப்போது ஊன்றுகிறேன்.
செயின் எழும்புகிறது. இன்ஜினை அணைக்கிறேன்.
"இறக்குங்க" என்று அவன் சொல்வதில்லை.
வந்து, குந்தி,
உளியின் முனை கல்லில் பதிந்த இடத்தில்
விரலை வைத்துப் பார்க்கிறான்.
எழுந்து நாலடி பின்னால் போய்
இன்னொரு தரம் பார்க்கிறான்.
அதற்கப்புறம்தான் கன்னை மாட்டுகிறான்.

புஷ்ஷின் விளிம்பில்
முதலில் பழையது வருகிறது, கறுப்பும் செம்மண்ணுமாய்.
பத்தாவது பம்பில் புதுசு எட்டிப் பார்க்கிறது.
நான் கண்ணாடி வழியே எண்ணுகிறேன்.
பதிமூன்று. பதினாலு.
இன்னும் ஒன்று.

தட்டு.

அடுத்ததற்குக் காத்திருக்கிறேன்,
சாவியில் கைவைத்து.