கட்டு

மோர்ப்பண்ணைப் பள்ளியில் பதினொரு கணினிகள்.
ஒன்பதில் உப்பு பிடித்திருந்தது.
ஒன்றில் பல்லி முட்டையிட்டிருந்தது.
மிச்சம் ஒன்று கடவுச்சொல் கேட்டது.
அதைப்
பரமக்குடிக்கு மாறுதலாகிப் போன சார்
கையோடு கொண்டுபோய்விட்டார்.

ராமநாதபுரத்திலிருந்து நாங்கள் மூன்று பேர்:
ரெக்சன், செல்போன் பழுது பார்ப்பவன்,
பர்கானா, அஞ்சலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்தவள்,
நான்.
பையில் நான்கு பென்டிரைவ், ஒரு திருப்புளி,
விலக்கில் வாங்கிய பனங்கிழங்குக் கட்டு.

தலைமையாசிரியை கேட்டார்:
"இலவசம்னா, கெட்டுப்போனா யாரைக் கேக்குறது?"
நியாயமான கேள்வி.
அவர் வீட்டுப் பரணில் ஒரு தொலைக்காட்சி
யாரையும் கேட்க முடியாமல் கிடக்கிறதாம்.
"இலவசம் இல்ல டீச்சர், கட்டற்றது" என்றேன்,
மேடை கிடைத்தவளைப் போல.

கடைசி வரிசையில் சிரிப்பு.
எட்டாம் வகுப்பு நாகஜோதி எழுந்தாள்.
"கட்டு அத்துப்போனா வள்ளம் ஓடிரும் மிஸ்.
எங்க சித்தப்பா வள்ளம் அப்பிடித்தான் அந்தப் பக்கம் போச்சு.
தேடிப் போன அவரு வந்துட்டாரு, நாலு மாசம் கழிச்சு.
வள்ளம் வரல."

என் துண்டறிக்கையில் இதற்குப் பதில் இல்லை.
ரெக்சன் தரையில் உட்கார்ந்து
ரேம் அட்டையின் பற்களைப்
பென்சில் ரப்பரால் தேய்க்கத் தொடங்கியிருந்தான்.
பிள்ளைகள் ஆளுக்கொன்று எடுத்து வந்தார்கள்.
மாம்பழ வாசனை ரப்பர்,
மிளகளவு தேய்ந்த ரப்பர்,
மை அழிக்கும் நீல முனை
("அது வேணாம், கீறிரும்").
ஒரு மணி நேரம் பேச்சே இல்லை.
நண்டு மணல் கிளறுகிற சத்தம் மட்டும்.
முட்டைகளை ஒருத்தன் சாக்பீஸ் டப்பாவில் வைத்தான்.
பொரித்ததா என்று
இன்றுவரை கேட்கவில்லை.

மத்தியானம்
பனங்கிழங்கு உரித்துக்கொண்டே கரைக்குப் போனோம்.
நாகஜோதி ஒரு கயிற்றைக் காட்டினாள்.
"இது தானா அவுராது மிஸ்.
ஆனா போட்டவருதான் அவுக்கணும்னும் இல்ல.
ராத்திரி புயல்னா
யாரு வேணா அவுத்து மேல ஏத்திருவாங்க."
"இதுக்கு என்ன பேரு?"
"கட்டுதான்."

மூன்று மணிக்கு நான்கு கணினிகள் எழுந்தன.
மின்சாரம் போனது.
வந்தது. நான்கும் மறுபடி எழுந்தன.
அப்போதுதான் கைதட்டினார்கள்.

வானிலைச் செயலி தமிழில்தான் இருந்தது:
வடகிழக்குத் திசைக் காற்று, மணிக்கு இருபத்தெட்டு.
"இது யாரு பேசுற தமிழ்?" என்றான் ஹாபில்.
"வாடைன்னு போட வேண்டியதுதானே."
"போடு" என்றாள் பர்கானா.
"நானா?"
கோப்பைத் திறந்து காட்டினாள்.
இந்தப் பக்கம் அவர்கள் சொல், அந்தப் பக்கம் நம் சொல்,
நடுவில் ஒரு சமக்குறி.
ஒற்றை விரலால் அவன்
'வா'வைத் தேடிய நேரத்தில்
வெளியே அது வீசிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு சண்டை.
தென்கிழக்கு எது, கொண்டலா சோழகமா?
காரங்காட்டிலிருந்து வரும் ஷைனி ஒன்று சொன்னாள்,
மோர்ப்பண்ணைக்காரர்கள் வேறொன்று.
ஜன்னல் வழியே
வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் கத்திக் கேட்டார்கள்.
அவர் மூன்றாவதாக ஒன்று சொன்னார்.
தலைமையாசிரியை தொண்டியில் பிறந்தவர்.
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து,
"எங்க ஊர்ல..." என்று ஆரம்பித்தார்.
தென்கிழக்கை வெற்றாக விட்டுவிட்டோம்.
அடுத்த சனிக்கிழமைக்கு.

கிளம்பும்முன் புதுக் கடவுச்சொல் வேண்டியிருந்தது.
யாரும் மாறுதலில் எடுத்துப் போகாதபடி
கரும்பலகையின் மேல்மூலையில் எழுதிவைப்பதாக முடிவு.
நாகஜோதி
பெஞ்சில் ஏறி நின்று எழுதினாள்,
எழுத்துகளும் எண்களும், ஒரு தடவைகூட யோசிக்காமல்.
ஏதோ பதிவு எண் போலிருக்கிறதே என்றேன்.

"வள்ளத்து நம்பர் மிஸ்" என்று
இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டாள்.