எக்ஸ்றே அறைக்குள் உறவினர் வரலாகாது

இரவு இரண்டு பத்து.
ஆசுபத்திரி வீதியில் கடைசிப் பெட்டிக்கடையும்
பலகை போட்டாயிற்று.
மழைக்கோட்டோடு அவன் முன்னால் வந்தான்,
அவள் பின்னால், செருப்பில்லாமல்.

"வழுக்கி விழுந்திட்டாள் மிஸ்.
மனுசியின்ர தங்கச்சி. கொடிகாமம்."

பெயர் கேட்டேன், அவன் சொன்னான்.
வயது கேட்டேன், அவன் சொன்னான்.
எங்கே நோகுது பிள்ளை என்று
அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்,
அதையும் அவனே சொன்னான்.
அவளுடைய அடையாள அட்டை
அவன் சட்டைப் பையில், சிகரெட் பெட்டியோடு.

இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது.
அதற்கு மேலே கன்றிய நாலு கோடு,
எதிர்ப்பக்கம் ஒன்று, குட்டையாய்.
தரைக்கு விரல் இல்லை.

போன மாரியில் இப்படித்தான் ஒருத்தி.
தையல் போட்டேன். ஊசி போட்டேன்.
கூட்டிவந்தவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன்.
துண்டில் என் எழுத்து
முத்துமுத்தாய் இருந்தது.

"கொஞ்சம் தண்ணி குடுங்க."

முதல்முறை வாய் திறந்தாள்.
கொடிகாமத்தில் வளர்ந்த நாக்கென்றால்
"தாங்கோ" என்றல்லவா கேட்டிருக்கும்.
அந்தச் சொல்லில் குளிர் இருந்தது,
கொழுந்து மணம் இருந்தது,
ஏ-ஒன்பது வீதி முழுக்க
ஜன்னல் மூடிய வானொன்று ஓடியது.

நான் முகத்தை மாற்றவில்லை.
தண்ணீர் கொடுத்தேன்.

"எக்ஸ்றே எடுக்கவேணும்."
"நானும் வாறன்."
"கதிர் பட்டால் உங்களுக்குத்தான் கூடாது,
பிள்ளை பெறுகிற வயசு."
நின்றுவிட்டான்.
இருபத்திரண்டு வருசச் சேவையில்
இவ்வளவு நிதானமாய் நான் பொய் சொன்னதில்லை,
அதிலும் பாதி உண்மை.

மரியநேசனுக்குக் கண்ணால் சொன்னேன்.
கதவைச் சாத்தினான், சிவப்பு விளக்கைப் போட்டான்,
கண்ணாடிக்குப் பின்னால் போய்
முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.
சுவர்த் தொலைபேசியில் பெரிய டொக்டரை எழுப்பினேன்.
இரண்டே வசனம். "வாறன்" என்றார்.

ஈய அங்கியை அவள் தோளில் போட்டேன்.
"பாரமாய் இருக்கோ?"
"இல்ல மிஸ்."
பிறகு, கதவைப் பார்த்தபடி,
"இன்னிக்கு என்ன கெழம?"
"வியாழன்."
"மாசம்?"
"ஐப்பசி."
வீங்காத கையின் விரல்களை மடக்கத் தொடங்கினாள்.
ஐந்தும் தீர்ந்தன.
மறுபடி முதல் விரலுக்கு வந்தாள்.

துண்டில் அவன் சொன்ன பெயரை வெட்டினேன்.
பேனை அந்த இடத்திலேயே நிற்கிறது.
நான் கேட்கவில்லை,
அவள் உதடு ஏதோ ஒரு எழுத்துக்காகக் குவிகிறது.

வெளியே கதவில் தட்டல்:
"இன்னும் முடியேல்லையோ?"

மரியநேசன் திரும்பாமலே சத்தமாய்ச் சொல்கிறான்,
"அசையவேண்டாம். இன்னுமொரு படம் இருக்கு."