கைகள் மட்டும்

முதலில் பூஞ்சை என்றுதான் நினைத்தேன்.
நாடாவைப் பிரித்து ஸ்பிரிட் துணியால் இரண்டு முறை துடைத்தேன்.
டிவியில் போட்டால் பளிச்சென்று ஓடுகிறது.
கம்ப்யூட்டருக்குள் இறக்கினால் மட்டும்
இருள்கிறது, வெளுக்கிறது, மறுபடி இருள்கிறது,
மாடி ஏறி வந்தவர் மூச்சு மாதிரி.

ஜைத்தூன் பீவி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.
"கரண்டு ஏறி எறங்குதா தம்பி?"

கரண்டு இல்லக்கா, காவல்.
படத்துக்கு மேலே, திரையில் விழாத வரிகளில்
பொய் வெளிச்சம் ஒன்றை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.
டிவி அதைக் கண்டுகொள்ளாது.
நகலெடுக்கிற பெட்டிதான் கண் கூசிப்போய்
மொத்தப் படத்தையும் தாழ்த்திவிடும்.

"வச்சது யாரு?"

அட்டையில் இருந்தது.
வீட்டிலிருந்தே தையல், பாகம் இரண்டு.
சிம்மக்கல் முகவரி, ஆறு இலக்கத்தில் போன் நம்பர்.
நகலெடுத்தால் தண்டனை என்று சிவப்பு எழுத்து.
நடுவில் பொட்டும் பூவுமாக ஒரு பெண்
தையல் மெஷின் மேல் கை வைத்துச் சிரிக்கிறாள்.

"அதுக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியாது தம்பி.
கை காட்டுற எடம் பூரா நான்தான்.
அப்ப புதுமண்டபத்துல மூணாவது தூண்ல என் மெஷினு.
ரெண்டு நாளு, நானூறு ரூவா.
அந்தப் பொண்ணு வளையலக் கழத்தி
எனக்கு மாட்டுனாங்க. சின்ன சைசு.
சோப்பு போட்டு ஏத்துனாங்க."

போன வாரம் ஒருவர் நாற்பது சினிமா கேசட்டோடு வந்தார்.
அதெல்லாம் செய்வதில்லை என்று திருப்பி அனுப்பினேன்.
இப்போது இவருக்கு என்ன சொல்ல?
டீ குடிக்கிற சாக்கில் சிம்மக்கல் போனேன்.
அந்தக் கதவெண்ணில் மீன் தொட்டி விற்கிறார்கள்.
ஆறு இலக்கத்துக்கு முன்னால் இரண்டைச் சேர்த்து அடித்தேன்.
பல் ஆஸ்பத்திரி.
"எந்தப் பல்லு சார்?" என்றது ஒரு குரல்.

திருமங்கலத்தில் கேபிள் டிவியை மூடியவரிடம்
எலிப்புழுக்கையோடு வாங்கிய பெட்டி ஒன்று உண்டு.
டைம் பேஸ் கரெக்டர் என்பார்கள்.
வருகிற படத்தை ஒவ்வொரு சட்டமாக உள்ளே பிடித்து வைத்து,
ஓரத்தில் இருப்பதை வெட்டி எறிந்து
சுத்தமாய்ப் புது ஓரம் வைத்து வெளியே விடும்.
இப்படிச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.
"ஓரம் பிரிச்சுத் தைக்கிறது. இதுக்கா இவ்வளவு நேரம்?"

இடையில் அதைச் செருகினேன்.
மூச்சு நின்றது.
சுண்ணக்கட்டி, இஞ்ச் டேப், இறுகிய வளையலுக்குக் கீழே
கொஞ்சம் வீங்கின மணிக்கட்டு.
அவர் திரையைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.
"ரேஷன் கடை மெஷினு என் வெரலச் சேக்க மாட்டேங்குது.
ரேகை தேஞ்சிருச்சாம். மூணு மாசமா மகன்தான் போறான்."
வேறொன்றும் சொல்லவில்லை.

முழுக்க ஆண் குரல்தான் பாடம் நடத்துகிறது.
பதினோராம் நிமிஷம், சீனக் காலர்,
அந்தக் குரலுக்கு அடியில், எட்டத்தில்,
யாரோ மைக்கை மூட மறந்த இடத்தில்:
"கொஞ்சம் இருங்க, நூலு அந்துருச்சு."

நான் கவனிக்கவில்லை. அவர் என் தோளைத் தட்டினார்.
பின்னால் ஓட்டச் சொன்னார்.
மறுபடி. மறுபடி.
நாலாவது தடவை அதே வாக்கியத்தை
அந்தக் குரலோடு சேர்ந்து சொன்னார்,
இந்தக் குரல் கொஞ்சம் கரகரப்பு.

சிவப்பு எழுத்தை வெட்டிவிடட்டுமா என்று கேட்டேன்.
"இருக்கட்டும். எதுக்குப் பயந்தாங்கன்னு தெரியணும்ல."

பென்டிரைவைப் பர்சுக்குள், பாபினுக்குப் பக்கத்தில் வைத்தார்.
முந்நூறு ரூபாய் என்றேன்.
"ஓரம் பிரிச்சுத் தைக்க நான் முப்பதுதான் வாங்குறேன்"
என்று எழுந்தவர்
எண்ணிப் பார்க்காமல் எதையோ மேசையில் வைத்துவிட்டு
டவுன்ஹால் ரோட்டில் இறங்கிப் போனார்.
இருநூற்று எழுபது இருந்தது.