பெட்டகத்தில் இடமிருந்தது

குழலைத் தரை நோக்கித் தாழ்த்து.
திறந்து பார்.
பார்த்த பிறகும் சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவு,
விடியுமுன் வெளிச்சத்தில் கண் பொய் சொல்லும்.
முப்பத்தோரு மான் பருவங்கள்
இதைச் செய்துவிட்டுத்தான் வண்டி ஏறியிருக்கிறேன்.
சிரிப்பவர்கள் சிரிக்கட்டும்.
டெல்பர்ட் லுண்டீனும் சிரித்தவன்தான்.
அவன் சமையலறை விதானத்தில் இருக்கிறது
கால் டாலர் காசு அகலத்தில் ஓர் ஓட்டை.
சுவர் என்றால் காலண்டர் மாட்டி மறைத்திருப்பான்.
மாடியறையில் அன்று யாரும் படுத்திருக்கவில்லை,
அந்தக் கதையில் நல்லது அது ஒன்றுதான்.

இவையெல்லாம் கைக்குச் சொன்ன விதிகள்.
கை சொன்னபடி கேட்கும்.

மார்ச்சில் ஆரின் ட்வெட்டின் மனைவி போய்விட்டாள்.
ஏப்ரலில் மாடுகளை விற்றான்.
மே மாதம் நாயை என் தங்கையிடம் விட்டான்,
அது எதைத் தின்னும் எதைத் தின்னாது என்று
ஒரு தாளில் எழுதிக் கொடுத்து.
அந்தத் தாளைத் தங்கை காட்டியபோது
எனக்கு முதுகில் குளிர் ஏறியது.
அவனிடம் துப்பாக்கிகள் மூன்று.
ஒன்று என் கடையில் வாங்கியது.

மொன்டானாவில் எங்கள் பக்கத்தில்
கடன் எவ்வளவு என்று கேட்கலாம்,
மகன் ஏன் வருவதில்லை என்றுகூடக் கேட்கலாம்.
உன் துப்பாக்கியைக் கொடு என்று
யாரும் யாரையும் கேட்பதில்லை.
சர்க்கார் கேட்டால் மறித்து நிற்கிற கூட்டத்தில்
நானும் ஒருத்தி. இன்றைக்கும்தான்.

மூன்று முறை போய்
வைக்கோல் விலை பேசிவிட்டுத் திரும்பினேன்.
நாலாம் முறை சொன்னேன்:
"என் பெட்டகத்தில் இடமிருக்கிறது, ஆரின்."
இதற்கு மேல் சொல்ல
வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்த வாக்கியம்
அவன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டது.

அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான்,
ஈரம் போன பிறகும்.
பிறகு எழுந்து உள்ளே போனான்.
நான் கதவைப் பார்க்காமல்
குளிர்பெட்டியில் ஒட்டிய பல் வைத்தியரின் சீட்டை
எத்தனை தடவை படித்தேனோ.

இரண்டோடு வந்தான்.
குழல் தரை நோக்கி, போல்ட் திறந்து.
அந்த நிலையிலும் கை விதியை மறக்கவில்லை.
அவன் கண்ணெதிரிலேயே
இரண்டிலும் சுண்டுவிரல் விட்டுப் பார்த்தேன்.
கோபிக்கவில்லை.
"மூன்றாவது?"
"பிக்கப்பில். முன் சீட்டில்.
நீயே எடுத்துக்கொள்."

அதில் ஒன்று இருந்தது.
கழற்றியபோது வண்டியின் முகப்பில் விழுந்து
உருண்டு நின்றது.
என் குளிர்கோட்டின் இடப் பையில் போட்டேன்.
அந்தப் பையில் இப்போது கை விடுவதில்லை.

அன்றிரவே பெட்டகத்தின் எண்ணை மாற்றினேன்.
புது எண் என்ன என்றான் என் கணவன்.
சொல்லவில்லை.
முப்பது வருஷத்தில்
அவனுக்குச் சொல்லாத முதல் எண்.
இரண்டு நாள் சூப்பை அவனே சுடவைத்துக் குடித்தான்.

நவம்பரில் பருவம் திறந்த முதல் சனிக்கிழமை
ஆரஞ்சு மேல்சட்டையோடு வந்து நின்றான் ஆரின்.
"ஒன்று போதும்" என்றான்.
சவரம் செய்திருந்தான். கொஞ்சம் எடை கூடியிருந்தான்.
பார்த்தேன்.
மறுபடியும் பார்த்தேன்.
மனிதனில் சுண்டுவிரல் நுழையும் இடம் எது?
"இந்த வருஷம் என்னுடையதோடு போவோம்.
நான் தூக்கி வருகிறேன், நீ மானைக் காட்டு."
நான் என்ன சின்னப் பையனா என்றான்.
இன்னும் நிறையச் சொன்னான், எழுத முடியாதவை.
கதவை அறைந்த அறையில்
கடைக் கண்ணாடியில் மூலையோரம் கீறல் விழுந்தது.

அறையட்டும்.
அறைவதற்கு ஆள் இருக்கிறான்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
அவன் மூன்றுக்கும் எண்ணெய் போடுகிறேன்,
என்னுடையவற்றுக்கு முன்னால்.
துரு ஏறவிடக் கூடாது.
திருப்பித் தரவேண்டிய பொருள்.