முன்னூற்று முப்பத்தெட்டு

அமாவாசை கழிந்த இரண்டாம் இரவு.
துலியாராவுக்கு வடக்கே கடல்
முழங்காலுக்குக் கீழே இறங்கி
இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது.
நெற்றி விளக்குகள் கட்டிய ஊர்
கடற்புல்லின் மேல் குனிந்து நடக்கிறது.

பகலெல்லாம் புதைந்துகிடந்த கடலட்டைகள்
இப்போதுதான் முதுகைக் காட்டுகின்றன.
அவசரமில்லாத பிராணி.
ஒரு முனையில் மணலை வாங்கி
மறுமுனையில் மணலைத் தருகிறது.
இடையில் என்ன நடக்கிறதென்று எழுதத்தான்
எனக்குச் சம்பளம்.

நான் மடகாஸ்கரின் மேட்டுநிலத்தான். நீந்தத் தெரியாது.
தராசு தெரியும், பென்சில் தெரியும்,
நனைந்தாலும் கிழியாத தாள் தெரியும்.
இங்கே என் பெயர் "நெல்லுக்காரன்".
சிரித்துக்கொண்டுதான் கூப்பிடுகிறார்கள்.

முன்னூற்றைம்பது கிராம் ஏறினால் எடுத்துக்கொள்வோம்.
குறைந்தால் அட்டை மணலுக்கே திரும்பும்,
அடுத்த வற்றுக்கு வரட்டும்.
அந்த விதியை எழுதியவர்களில் நானும் ஒருவன்.

பதினேழாம் வேலி தினாசுவாவுடையது.
போன பருவம் மூன்று பை குஞ்சு கூடுதலாக வாங்கினாள்,
கடனுக்கு.
முந்நூறு போட்டால் முந்நூறு கூடும் என்று
அலுவலகம் சொன்ன கணக்கு
கூட்டல் தெரிந்த எவருக்கும் இனிக்கும்.

அவள் நீட்டும் அட்டையை எனக்குத் தெரியும்.
முதுகில் நண்டு கடித்த தழும்பு,
பல் உடைந்த சீப்பு போல.
போன வற்றில் இதே அட்டை
முன்னூற்று நாற்பத்தேழு.
மூன்று கிராமுக்கு அவள் வாதாடினாள்,
நான் விதியைச் சொன்னேன்.
கைமாறிக் கைமாறித் தண்ணீர் கக்கி
அது இன்னும் இரண்டு கிராம் இளைத்ததுதான் மிச்சம்.
"பதினைந்தே நாள், வளர்ந்துவிடும்" என்றேன்.

இன்று
முன்னூற்று முப்பத்தெட்டு.

தராசைத் துடைத்தேன்.
பூஜ்யம் பார்த்தேன்.
மறுபடி வைத்தேன்.

திருட்டென்றால் காவலிருக்கும் மஹவூரியைக் கேட்கலாம்.
நண்டென்றால் கூடு வைக்கலாம்.
வலை அறுபடவில்லை, எண்ணிக்கை குறையவில்லை.
எல்லாம் இருக்கின்றன,
எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் சிறுத்து.

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
விளக்கை அணைத்தாள்.
செருப்பைக் கழற்றி
வேலிக்குள் ஒரு கால், வெளியே ஒரு கால் வைத்து
நின்றாள்,
வாங்குமுன் இரண்டு துணியைத் தடவிப் பார்ப்பவள்போல.
"நீயும் நில்."

வெளிக்கால் வழுக்கியது.
ஆறிய பாலின் ஆடை மாதிரி ஏதோ
விரல்களில் ஒட்டியது.
உட்காலின் கீழே
சலித்த மாவு. சலித்ததையே திரும்பச் சலித்த மாவு.

"எத்தனையோ தடவை தின்றாகிவிட்டது இந்த மணலை,"
என்றாள். "சக்கைக்கு எத்தனை வாய்?"

என் கணினியில் ஒரு கோடு இருக்கிறது.
ஏழு மாதம் ஏறிவந்து
பிறகு படுத்துக்கொண்ட கோடு.
அதற்கு என்ன பெயர் வைப்பதென்று
தலைநகரில் இன்னும் கடிதம் நடக்கிறது.
நான்கு தடவை என்னிடம் விளக்கம் கேட்டார்கள்.
நான்கு தடவையும் தராசைச் சந்தேகித்து எழுதினேன்.
ஒரு தடவையாவது
செருப்பைக் கழற்றியிருக்கலாம்.

அவள் அட்டையை உள்ளே விடவில்லை.
வேலி தாண்டி, புல் அடர்ந்த பக்கம் கொண்டுபோய்
குனிந்து இறக்கினாள்.
"அது கடன் கணக்கில் இருக்கிறதே" என்றேன்,
வெட்கமில்லாமல்.
"கடன் எங்கேயும் ஓடாது, நெல்லுக்காரா.
இதுவும்தான்.
ராத்திரி முழுக்க நடந்தால் நாலு முழம்."

தாளின் கடைசிக் கட்டம் "குறிப்பு".
வேலை தொடங்கிய நாளிலிருந்து அதில்
உப்பைத் தவிர எதுவும் விழுந்ததில்லை.
எழுதினேன்:
வேலி 17. மணல் தீர்ந்தது.
கண்டவர் தினாசுவா.

ஓதம் திரும்பிவிட்டது, கணுக்கால் நனைகிறது.
பதினெட்டாம் வேலிக்காரர்
பையைத் தூக்கிக் காட்டிக் கூப்பிடுகிறார்.
அவரும் மூன்று பை வாங்கியவர்.